மூன்று டயர், ஒரு சக்கரம்

அரியரத்தினம் அங்கிள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று தர்சினி சொன்னபோது, பாஸ்கரின் மோட்டார் சைக்கிளில் மாமனார் கொடுத்த டயர் மாட்டியிருந்தது.

"எங்க வந்துட்டிருக்காராம்?"

"பரமட்டா தாண்டீட்டாராம். இப்ப வந்திடுவார்."

பாஸ்கர் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு கராஜுக்கு ஓடினான்.

"ஏனப்பா ஓடுறீங்கள்? அவர் என்ன ரயர் பாக்கவோ வாறார்? முருகன் கோயில் பிரசாதம் தர வாறார்."

"அதெல்லாம் உனக்குப் புரியாது தர்சி."

பின் சக்கரத்தைக் கழற்றி, டயரை உருவி, அங்கிள் கொடுத்த டயரை மாட்ட நேரம் இல்லை. வண்டியைத் தள்ளிப் பின்பக்கம் சுவரோடு ஒட்ட நிறுத்தினான். அப்படியும் டயர் தெரிந்தது. புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து வந்து மறைத்தான். இன்னும் ஓர் ஓரம் தெரிந்தது. குப்பைத் தொட்டியைச் சாய்த்து வைத்தான். அங்கிள் கொடுத்த டயரை மட்டும் துடைத்து, நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டான்.

அங்கிள் வந்தார். பிரசாதம் கொடுத்தார். கதிரையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தார். மெரிலேண்ட்ஸில் கத்தரிக்காய் விலை ஏறிவிட்டதைப் பற்றி வருத்தப்பட்டார். கராஜ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பாஸ்கர் அவ்வளவு நேரமும் டயருக்குக் காவல் நின்றான். தோசையைப் பூனை தின்றுவிட்டது.

பாஸ்கரை இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஊர் நாமக்கல். லாரியும் டயருமாகவே வாழும் ஊரில் பிறந்தும், கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் கழற்றி மாட்டத் தெரியாமல் வளர்ந்தவன். அந்த ஊரிலிருந்து அவன் சிட்னிக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தால், அவர் வரும் நாளில் அது அவர் கண்ணில் பட வேண்டும். சித்தி எடுத்துக் கொடுத்த சேலையைச் சித்தி வரும்போது அம்மா உடுத்தியிருப்பாள். பெரியப்பா வரும் நாளில் மட்டும் சுவரில் ஏறும் கடிகாரம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் இறங்கிவிடும்.

இயல்பிலேயே அவனுக்கு நன்றி கொஞ்சம் அதிகம். சிட்னியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் அவனுக்கு முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. கடையில் தானே பில் போடும் மெஷின் ரசீதை நீட்டினால், அதற்கும் ஒரு "தேங்க்யூ" சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவான். அவனுடைய நன்றிப் பட்டியலில் எல்லோருக்கும் இடம் உண்டு. தர்சினிக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களை யார் பட்டியலில் எழுதுகிறார்கள்?

மோட்டார் சைக்கிளை அவன் மனைவியிடம் கேட்காமல் வாங்கினான். யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டி. தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும் ரகம். வருடக்கணக்காகத் திரையைப் பார்த்துக் கூனிப்போன அவன் முதுகு, அந்த வண்டியில் உட்கார்ந்தால் மட்டும் நிமிர்ந்தது. ஒரு ஞாயிறு காலை மண்பாதையில் அதை ஓட்டிவிட்டு வந்தவன், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்ததைத் தர்சினி பார்த்தாள். அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்களின் வார்டில்.

"மோட்டச்சைக்கிள் ஓடுற ஆக்களை நான் கட்டிலிலதான் பாக்கிறனான்," என்றாள்.

பென்ரித் தாண்டி ஒரு பண்ணை நிலத்தில், ஒரு கிளப் ஆண்டுதோறும் இத்தகைய வண்டிகளுக்குப் போட்டி வைக்கும். தடத்தில் பாதி தார், மீதி சரளையும் சேறும். ஒரே நாளில் மூன்று ஓட்டம். பாஸ்கர் அதில் ஓடத் தன் பெயரைக் கொடுத்துவிட்டான். அந்தச் செய்தி ஒரு மதியச் சாப்பாட்டின்போது வெளியே வந்தது. தர்சினியின் அப்பா இரத்தினசிங்கமும், குடும்பத்துக்கு வேண்டியவரான அரியரத்தினம் அங்கிளும் கூட இருந்தார்கள். இருவர் முன்னிலையிலும் தர்சினி தீர்ப்பு வழங்கினாள்.

"சரி, போய் ஓடுங்கோ. ஆனா மூண்டு ஓட்டமும் முடிச்சுக் காட்டவேணும். ஒண்டை முடிக்காட்டியும் மோட்டச்சைக்கிளை விக்கிறது. அதுவரைக்கும் நீங்கள் வீட்டுக் காசில இதுக்கு ஒரு நட்டுக்கூட வாங்கக் கூடாது. என்ர கையாலயும் ஒண்டும் வாங்கித் தரமாட்டன்."

"சரி," என்றான் பாஸ்கர். கேட்காமல் வாங்கியவன் வேறு என்ன சொல்ல முடியும்?

தர்சினியின் வீட்டில் சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் கிடையாது. அவளுடைய பெரியம்மா ஒருத்தி, இனி இட்லி தொடமாட்டேன் என்று எதற்கோ கோபத்தில் சொல்லிவிட்டு, சாகும்வரை தோசையிலேயே காலம் தள்ளியவள். அதனால் பாஸ்கர் சட்டத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டான். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் வாய் சும்மா இருக்கவில்லை.

"பின் டயர் வழவழன்னு இருக்கு. சேத்துல இறங்கினா பிடிக்கவே பிடிக்காது. ரெண்டாவது வளைவுலயே போட்டி முடிஞ்சிரும்."

தர்சினி ரசத்தை ஊற்றினாள்.

அந்த வாரமே இரத்தினசிங்கம் மாமா, ஒரு டயரை இரண்டு கைகளாலும் உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பிறந்த குழந்தையை முதல்முறை வாங்கும் ஆணைப் போல இருந்தது அவர் நின்ற நிலை.

"தம்பி, சேத்துக்கு இதுதான் நல்லதாம். பாருங்கோ, பல்லுப் பல்லாக் கிடக்கு."

பாஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் கொடுத்ததோடு டயரும் கொடுத்த மாமனார் நாமக்கல்லிலேயே கிடையாது.

மெரிலேண்ட்ஸில் ஒரு தமிழர் டயர் கடை வைத்திருந்தார். பெயர் மகேந்திரராஜா. முன்பக்க மேசையில் இருந்த நிரூபா என்ற பெண் எப்போதும் கம்ப்யூட்டரையோ ஃபோனையோதான் பார்த்துக்கொண்டிருப்பாள். டயரோடு வந்தவனைப் பார்த்து, தலை நிமிராமலே, "மாட்டுறதெண்டால் பின்னுக்குப் போங்கோ," என்றாள். பாஸ்கர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போனான். மகேந்திரராஜா மாட்டிக் கொடுத்தார்.

பல்லுப் பல்லான டயர் சேற்றில் பிரமாதமாகப் பிடித்தது. தாரில் ஏறியதும் வேறு குணம் காட்டியது. வண்டி முழுக்க அதிர்ந்தது, தேனீக்கூட்டம் துரத்துவதுபோலச் சத்தம் வந்தது, ரவுண்டானாவில் வளைத்தபோது பின்பக்கம் தனியாக வேறு ஊருக்குக் கிளம்பியது. முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தான்.

"பாதித் தடம் தாருதானே," என்று இரவுச் சாப்பாட்டில் புலம்பினான். "அதுக்கு ரோட்டு டயர்தான் வேணும். அதுலயும் மழை பெஞ்சா கேக்கவே வேணாம்."

தர்சினி முழங்கைக்கு மருந்து வைத்துக் கட்டினாள். கட்டு கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

நாலைந்து நாளில் அரியரத்தினம் அங்கிள் ஒரு டயரைத் தோளில் மாலையைப் போலப் போட்டுக்கொண்டு வந்தார். பாஸ்கர் கையில் ஒரு பெட்டியோடு இந்த நாட்டில் இறங்கிய நாளில், முன்பின் தெரியாதவனை ஏர்போர்ட்டில் வந்து அழைத்துப்போய், வேலை கிடைக்கும்வரை தன் வீட்டிலேயே வைத்திருந்தவர் அவர். தர்சினியைப் பேசி முடித்து வைத்தவரும் அவர்தான்.

"தம்பி, இது வந்து... என்னெண்டு சொல்லுறது... தார் ரோட்டுக்கு நல்லதாம். மழைக்கும் வழுக்காதாம்."

"யார் அங்கிள் சொன்னாங்க?"

அங்கிள், தர்சினி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கடையில. கடையில சொன்னவை."

அவருக்குத் தேத்தண்ணி வேண்டும் போல என்று பாஸ்கர் நினைத்தான். "தர்சி, அங்கிளுக்கு டீ போடு," என்று குரல் கொடுத்தான்.

அங்கிளின் டயர் தாரில் வெண்ணெய்போல ஓடியது. சரளையில் இறங்கியதும் வண்டி போன திசை ஒன்று, பாஸ்கர் போன திசை ஒன்று. வேலிக்கு அப்பால் இருந்த முட்புதர் அவனை ஏந்திக்கொண்டது. தர்சினி ஒரு குறடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதுகிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு டயர் இருக்காம் தர்சி. ஆ... மெதுவா. தாருலயும் சுமாரா நிக்கும், மண்ணுலயும் சுமாரா நிக்கும்."

"அசையாதேங்கோ," என்றாள்.

அடுத்த வாரம் பழனிசாமி அண்ணன் வந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். பாஸ்கருக்கு இப்போதைய ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் தன் காரிலேயே வேலைக்கு அழைத்துப் போகிறவர். டிக்கியைத் திறந்து ஒரு டயரை உருட்டி இறக்கினார்.

"ஏனுங்க பாஸ்கரு, இது நடுவாப்புல இருக்குமுங்களாம். ரெண்டுக்கும் ஒத்து வருமாமுங்க."

"அண்ணா, உங்களுக்கு எப்படித் தெரியும் எனக்கு இதுதான் வேணும்னு?"

"அது... மனசுல பட்டுதுங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் அவசரமாகக் காரில் ஏறினார்.

அந்த மூன்றாவது டயர்தான் சரியான டயர். மாட்டி ஓட்டிய முதல் நாளே பாஸ்கருக்குத் தெரிந்துவிட்டது. தாரிலிருந்து மண்ணில் இறங்கியபோது வண்டி முகம் சுளிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ஆனால் ஞாயிறன்று மாமா வருவார். புதன்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அங்கிள் வருவார். வெள்ளிக்கிழமை அண்ணன் வருவார். மூன்று டயரும் பின்சக்கரத்துக்கானவை. இருப்பதோ ஒரு பின்சக்கரம்.

முதலில் ஒவ்வொரு தடவையும் மகேந்திரராஜாவிடம் ஓடினான். மூன்றாவது வாரம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தம்பி, புதன்கிழமைதானே இதைக் கழட்டினனான்?"

"ஆமாண்ணா."

"அப்ப ஏன் திரும்பப் போடச் சொல்லுறீர்?"

"நாளைக்கு மாமா வர்றார்."

மகேந்திரராஜா உள்ளே போய் எதையோ துழாவினார். பிறகு டயர் கழற்றும் இரண்டு நெம்புகோல்களைக் கையில் கொடுத்தார். "நீரே கழட்டி மாட்டப் பழகும். எனக்கு இஞ்ச வேற வேலையும் இருக்கு. ஒண்டு மட்டும் சொல்லுறன், உள்ளுக்குள்ள ரியூப் கடிபட்டு ஓட்டை விழாமல் பாத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கட்டாயம் கடிபடும்."

பாஸ்கர் வீடியோ பார்த்துப் பழகினான். கைவிரல்கள் காய்த்துப்போயின. ஆபீஸ் மீட்டிங்குகளில் அவன் நகத்துக் கரியைப் பார்த்தவர்கள், ஏதோ பகுதிநேர வேலை செய்கிறான் என்று இரக்கப்பட்டார்கள். பயிற்சிக்குப் போகும்போது எந்த டயர் மாட்டியிருந்ததோ அதில்தான் ஓட்டினான். எந்த டயரிலும் கை பழகவில்லை. பழனிசாமி அண்ணனின் டயர் இருந்த நாட்களில் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தான்.

"மூண்டிலயும் எது நல்லதோ அதைப் போட்டுக்கொண்டு ஓடுங்கோவன்," என்றாள் தர்சினி. "ஆர் வந்து பாக்கினம்?"

பாஸ்கர் நெம்புகோலைக் கீழே வைத்தான். நன்றியைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அவன் விடமாட்டான்.

"தர்சி, இந்த மூணு பேரும் இல்லன்னா நான் போட்டியில நிக்கவே முடியாது. இந்தக் காலத்துல யார் யாருக்கு டயர் வாங்கித் தர்றாங்க, சொல்லு?"

"ஓம். ஆர் வாங்கித் தருவினம்."

"நமக்காக ஒருத்தர் கடை ஏறி இறங்கி, அலைஞ்சு வாங்கியிருக்காங்க. அதைக் கழட்டி மூலையில போட்டா அவங்க மனசு என்ன பாடுபடும்? நன்றின்னா கண்ணுக்குத் தெரியணும்."

"தெரியத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக அடுக்கப்பட்டன.

போட்டிக்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டே அவன் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். "செப்டம்பர்ல இன்னொரு போட்டி வைக்கிறாங்களாம். அதுக்கு முன் டயரும் மாத்தணும், அதுவும் தேஞ்சு போச்சு. ம். அதுவரைக்கும் வண்டி நம்மகிட்ட இருந்தாத்தானே."

தர்சினி அவன் தட்டில் இன்னொரு அகப்பை கறியை வைத்தாள்.

போட்டி சனிக்கிழமை. மூன்று பேரும் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பாஸ்கருக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

மாமா வீட்டிலிருந்தே கூட வந்தார். வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது அவர் பக்கத்தில் நின்றார். ஆகவே மாமாவின் டயர். முதல் ஓட்டத்தில் சேற்றில் முன்னேறினான், தாரில் அத்தனை பேரையும் வழிவிட்டு அனுப்பினான். கடைசிக்கு முந்தினவனாக வந்து முடித்தான். முடித்ததே போதும்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் அரியரத்தினம் அங்கிளின் கார் தூரத்தில் தெரிந்தது. டயர் மாற்ற நேரம் இல்லை. பாஸ்கர் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, பொங்கலுக்குச் சுவர் பூசுவதுபோலப் பின் டயர் முழுக்க அப்பினான். பல் மறைந்தது. எந்த டயர் என்று அதைச் செய்த கம்பெனிக்கே தெரியாது.

அங்கிள் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். "நான் தந்த ரயர் நல்லா இருக்கே, தம்பி," என்று சொல்லி அன்பாகத் தட்டிக்கொடுத்தார்.

அவர் தட்டியது முன் டயரை. வண்டியோடு வந்த பழைய டயர் அது.

"தர்சி," என்று பாஸ்கர் தனியே போய்ச் சொன்னான், "அங்கிளுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலை. பாவம், ஒரு ஆபரேஷன் பண்ணிரலாம்."

தர்சினி கட்லெட் பெட்டியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இரண்டாவது ஓட்டத்தில் கடைசியாக வந்தான். அதுவும் முடித்ததுதான். மீதி ஒன்றே ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குத்தான் பழனிசாமி அண்ணன் வருவார். மாமாவையும் அங்கிளையும்போல அண்ணனை ஏமாற்ற முடியாது. அவர் தொழிலே சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் செய்ததில் பிழை கண்டுபிடித்துத்தான் வீடு கட்டியவர். சேற்றைப் பூசினால் சேற்றுக்குள் என்ன என்று கேட்பார்.

மற்ற போட்டியாளர்கள் நிழலில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, பாஸ்கர் வெயிலில் மண்டியிட்டு டயரைக் கழற்றினான். மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி செய்யிறீங்கள்?"

பாஸ்கர் குனிந்து டயரை உடம்பால் மறைத்தான். "மாமா... உங்க டயருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறேன். ரெண்டு ஓட்டம் ஓடியிருக்கு, பாவம்."

"நல்லது, நல்லது," என்று மாமா போய்விட்டார். பெருந்தன்மையான மனிதர் என்று பாஸ்கர் மனம் நெகிழ்ந்தான்.

அண்ணனின் டயரை ஒரு பக்கம் உள்ளே தள்ளிவிட்டு, மறுபக்கத்தின் கடைசி ஒரு சாணை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"பாஸ்கரு, கேட் பக்கத்துல வந்துட்டனுங்க. காரை எங்கீங்க நிறுத்தறது?"

"அங்கயே... லெஃப்ட்ல... வாங்கண்ணா, வாங்க." தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு நெம்புகோலை ஓங்கி அழுத்தினான். டயர் சட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது. உள்ளே எதுவோ லேசாக நறுக்கென்றது. மகேந்திரராஜா சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. காற்றடித்தான். நின்றது. ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பூட்டினான்.

பழனிசாமி அண்ணன் நேராகக் கட்லெட் இருந்த இடத்துக்குப் போனார்.

"வாங்கண்ணா. டயரைப் பாத்தீங்களா?"

"எந்த டயருங்க?"

"நீங்க கொடுத்தது. அதைத்தான் போட்டிருக்கேன்."

"அப்படிங்களா," என்றார் அண்ணன். "கட்லெட் ரொம்ப அருமைங்க." இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

பாஸ்கருக்குச் சுருக்கென்றது. ஆனால் கொடியசைத்துவிட்டார்கள்.

அந்த மூன்றாவது ஓட்டத்தைப் பாஸ்கர் சாகும்வரை மறக்கமாட்டான். தாரில் வளைத்தான், டயர் நின்றது. சரளையில் இறங்கினான், நின்றது. சேற்றில் முறுக்கினான், வண்டி நிமிர்ந்து பாய்ந்தது. ஒருவனை முந்தினான், பிறகு இன்னொருவனை, பிறகு இவ்வளவு நேரம் முதுகை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரனையும். ஹெல்மெட்டுக்குள் யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது, அவன்தான். வேலியோரம் தர்சினி நிற்பது ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்தது. ஒரு சுற்றில் அவள் கை தட்டியதுபோலக்கூடத் தோன்றியது. கொசு அடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசிச் சுற்றில், பாதித் தூரம் இருக்கும்போது, பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு தளர்ந்தது. பிறகு சப்பையாக உட்கார்ந்துவிட்டது.

இறங்கினான். தள்ளினான். முந்தப்பட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து அவனைத் தாண்டிப் போனார்கள். சிவப்புச் சட்டைக்காரன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். சேற்றில் கால் புதையப் புதையத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வந்தபோது நேரம் முடிந்து கொடியை மடித்து வைத்திருந்தார்கள். தாடிக்கார நடுவர் வருத்தத்தோடு தலையசைத்து, "குட் எஃபர்ட், மேட்," என்றார். பாஸ்கர் அவருக்கும் நன்றி சொன்னான்.

மாமாவை அங்கிள் தன் காரில் அழைத்துக்கொண்டு போனார். பழனிசாமி அண்ணன் மீதிக் கட்லெட்டோடு கிளம்பினார். பாஸ்கரின் கைகள் இரண்டும் கொப்புளித்திருந்ததால் தர்சினி காரை ஓட்டினாள். பின்னால் டிரெய்லரில் மோட்டார் சைக்கிள் சேற்றோடு வந்துகொண்டிருந்தது. பாஸ்கர் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தபடியே வந்தான்.

"நாளைக்கே விளம்பரம் போட்டுர்றேன் தர்சி."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. சொன்ன சொல்லுல நீயும் நின்னே. உன் கையால ஒரு நட்டுக்கூட வாங்கித் தரமாட்டேன்னே, தரலை. நானும் முடிச்சாத்தான் வண்டின்னு ஒத்துக்கிட்டேன், முடிக்கலை. சரிதானே?"

"ம்."

"அந்த மூணு பேரை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. எவ்வளவு பெரிய மனசு. வண்டி போனாப் போகட்டும், ஆனா இந்த ஊர்ல எனக்கு இப்படி ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதே. அதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும். மாமா, அங்கிள், அண்ணன். மூணு பேரையும் கூப்பிட்டு ஒரு நாள் விருந்து வச்சு, முறையா நன்றி சொல்லணும்."

"வேற ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டாள் தர்சினி.

பாஸ்கர் நேர்மையாக யோசித்தான். "அட, ஆமா. டயர் கடை மகேந்திரராஜா அண்ணன். அவரை மறந்தே போயிட்டேன்."

தர்சினி சிக்னல் போட்டு அடுத்த லேனுக்கு மாறினாள்.

அப்போது கார் ஸ்பீக்கரில் அவளுடைய ஃபோன் ஒலித்தது. அவள் சட்டென்று கையை நீட்டி நிறுத்தப் போனாள். பக்கத்தில் பெரிய லாரி ஒன்று வந்ததால் கையை ஸ்டீயரிங்குக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று.

"நீ ரோட்டைப் பாரு, நான் எடுக்கிறேன்," என்றான் பாஸ்கர். உதவி செய்வதில் அவனுக்கு என்றுமே தயக்கம் கிடையாது. கொப்புளித்த விரலால் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

"வேண்டாமப்பா..." என்றாள் தர்சினி.

அதற்குள் ஸ்பீக்கரில், கம்ப்யூட்டரிலிருந்து தலை நிமிராதவர்களுக்கே உரிய குரலில், ஒரு பெண் பேசத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, ரயர் கடையில இருந்து நிரூபா கதைக்கிறன். நீங்கள் போன கிழமை ஓடர் குடுத்த முன் ரயர் வந்திட்டுது. முந்தின மூண்டையும் உங்கட அப்பாவும், அந்த அங்கிளும், இந்தியாக்கார அண்ணாவும் வந்து எடுத்துக்கொண்டு போனவை. இந்த முறை ஆரை அனுப்புறீங்கள்?"